பின்வண்டியில் எஸ்தர்

டேனியலின் பிக்கப்பைக் காஞ்சிபுரத்தில் வண்டி வைத்திருக்கிற எல்லாருக்கும் தெரியும். நடுவழியில் நின்றுபோன காரையும் வேனையும் கயிறு கட்டி இழுத்து வருகிற பழைய டீசல் வண்டி. ஆனால் கயிற்றின் மறுமுனையில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்று பாதிப் பேர் பார்த்திருக்க மாட்டார்கள்.

செத்த வண்டிக்கும் ஓர் ஆள் வேண்டும். ஸ்டியரிங் பிடிக்க வேண்டும். முன்வண்டி வேகம் குறைந்தால் பின்னால் போய் இடிக்காமல் பிரேக் மிதிக்க வேண்டும். எஞ்சின் ஓடாத வண்டியில் பிரேக் கல் மாதிரி இறுகிக் கிடக்கும், ஸ்டியரிங் அதைவிட மோசம். அந்த வண்டியின் டிரைவரே உட்காரலாமே என்று கேட்பீர்கள். உட்காரலாம். பயத்தில் கண்ட இடத்தில் மிதிப்பான், கயிறு அறுந்து என் பட்டறைக்கு ஒரு வண்டி வர வேண்டிய இடத்தில் இரண்டு வரும். அந்த வேலையை இத்தனை வருஷமாகச் செய்கிறவள் டேனியலின் பெண்சாதி எஸ்தர். நான் ஓரிக்கையில் பட்டறை வைத்திருக்கிறேன். அந்தப் பிக்கப்புக்கு வைத்தியம் பார்ப்பவன் என்கிற முறையில் அவளைப் பற்றிச் சொல்ல எனக்குக் கொஞ்சம் பாத்தியதை உண்டு.

எஸ்தருக்குச் சொந்த ஊர் தென்னேரி. அவள் அப்பா சின்ன வயசில் அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை செய்தவர், பிறகு தனியார் பஸ்ஸில் கண்டக்டர் ஆனார். அவருடைய விசில் இப்போது எஸ்தரின் கழுத்தில் கிடக்கிறது. டேனியலைக் கட்டிக்கொண்ட புதிதில், ஏரி வறண்டு வெடித்துக் கிடந்த ஒரு கோடையில், அந்த ஏரிக்குள்ளேயே பிக்கப்பை ஓட்டிப் பழகினாள். மோதுவதற்கு அங்கே ஒன்றும் இல்லை என்று டேனியல் தைரியமாக விட்டான். கரையோரம் நின்ற ஒரே வேலமரத்தைத் தேடிப் போய் மோதினாள். பம்பரில் அந்த நசுங்கல் இன்னும் இருக்கிறது. நான் தட்டிச் சரி செய்கிறேன் என்று சொன்னால் டேனியல் விடமாட்டேன் என்கிறான்.

அவள் முதல்முதலாகப் பின்வண்டியில் உட்கார்ந்தது மாகறலில். கோயிலுக்கு வந்த கல்யாண வேன் ஒன்று படுத்துவிட்டது. அதன் டிரைவர் பயந்து பயந்து மிதித்ததில் கயிறு இரண்டு தரம் அறுந்தது. அன்றைக்கு டேனியலுடன் சும்மா துணைக்குப் போயிருந்த எஸ்தர் இறங்கிப் போய், “எறங்குங்கண்ணா, நான் குந்திக்கிறேன்” என்றாள்.

பெண்வீட்டுப் பெரியவர் ஒருவர், “இன்னாப்பா இது, பொம்பளையப் போயி வேன்ல குந்த வெக்கிற?” என்று டேனியலைப் பிடித்துக்கொண்டார்.

“கயித்துக்கு ஆம்பள பொம்பள தெரியாதுங்க. லூசு வுடாம வந்தா போதும்” என்று எஸ்தரே பதில் சொல்லிவிட்டு ஏறி உட்கார்ந்தாள். வேன் காஞ்சிபுரம் வந்து சேர்ந்தது. கயிறு அறுந்துபோகவில்லை.

அன்றிலிருந்து அப்படித்தான். பஸ் கணக்கில் ஒரு விசில் கொடுத்தால் டேனியல் நிறுத்த வேண்டும், இரண்டு கொடுத்தால் போகலாம். மூன்று என்றால் என்ன என்று ஒருநாள் கேட்டேன். “அவளுக்கு டீ வேணுமாம்” என்றான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன சித்திரையில் பிள்ளையார்பாளையத்தில் நின்றுபோன ஒரு டெம்போவைக் கட்டி இழுத்து வந்தார்கள். காலை நேரம். அந்தத் தெருக்களில் காலையில் வண்டி கொண்டு போகிறவன் யோசித்துத்தான் போக வேண்டும். பட்டு நெய்கிறவர்கள் பாவை, அதாவது சேலையின் நீளவாட்டு நூல் முழுவதையும், தெருவின் நீளத்துக்கு நீட்டிக் கட்டிக் கஞ்சி கொடுத்து ஆற்றுவார்கள். அது காய்ந்து சுருட்டும் வரை அந்த வழியில் ஒருத்தரும் போகக்கூடாது. கலெக்டர் வந்தாலும் நிற்க வேண்டியதுதான்.

டேனியல் தெரியாமல் உள்ளே திரும்பிவிட்டான். எதிரே பாவு. பின்னால் கயிற்றில் டெம்போ. கயிறு கட்டிய வண்டியைப் பின்னால் தள்ள முடியாது. எஞ்சினை நிறுத்தலாம் என்றால் அவன் வண்டியில் பேட்டரி அன்றைக்கு அரை உயிர், நிறுத்தினால் மறுபடி எடுக்காது. அப்படியே வெயிலில் ஓடவிட்டுக்கொண்டு நின்றான். ஃபேன் பெல்ட்டும் தளர்ந்திருந்தது. கொஞ்ச நேரத்தில் ராடியேட்டர் பொங்கி ஆவி அடித்தது. வேறு வழியில்லாமல் எஞ்சினை நிறுத்தினான்.

எஸ்தர் டெம்போவிலிருந்து குதித்து ஓடினாள். பக்கத்தில் தில்லையம்மாள் வீடு. நெசவுக்காரக் குடும்பம், நல்ல பழக்கம். வாசலில் இருந்த பக்கெட்டைத் தூக்கிவந்து, சூடு தணிந்ததும் துணியைப் போட்டு மூடியைத் திறந்து கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினாள். வண்டி சமாதானமானது. பாவும் சுருட்டியாகிவிட்டது. தெருக்காரர்கள் தள்ளிவிட்டதில் எஞ்சினும் எடுத்துவிட்டது. வந்துவிட்டார்கள்.

அதற்கப்புறம்தான் தொல்லை. சும்மா ஓட்டினால் வண்டி நன்றாக இருக்கும். பின்னால் ஒன்றைக் கட்டி இழுத்தால் போதும், சூடு காட்டும் முள் சிவப்புக்குப் போய்விடும். நான் பெல்ட்டை இறுக்கினேன். ராடியேட்டர் மூடியை மாற்றினேன். தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டு ஓட்டிப் பார்த்தேன். வாட்டர் பம்ப்பைக் கழற்றினேன், அதன் மேல் ஒரு குறையும் இல்லை. திரும்பவும் அதே கதை. மூடியைத் திறந்து எஞ்சினை ஓடவிட்டால் வாயில் நுரை நுரையாகப் பொங்கியது. எஞ்சினுக்குள் எரிகிற புகை தண்ணீரில் கலந்தால்தான் அப்படிக் கொப்பளிக்கும். அப்படியென்றால் எஞ்சினின் மேல்மூடியான ஹெட்டுக்கு அடியில் இருக்கிற கேஸ்கட் போயிருக்க வேண்டும், ஹெட்டே விரிசல் விட்டிருந்தாலும் ஆச்சரியமில்லை. ஆயிலைப் பார்த்தேன், சுத்தமாக இருந்தது. தண்ணீர் கலந்திருந்தால் மோர் மாதிரி வெளுத்திருக்கும். அது கொஞ்சம் உறுத்தியது. ஆனாலும் நுரையைக் கண்ணால் பார்த்தவன் வேறென்ன சொல்வான்?

“ஹெட்டுதான் டேனியலு. இந்த வண்டிக்கு இப்ப ஹெட்டு எங்கயும் கெடைக்காது” என்றேன்.

அவன் பானெட்டை மெதுவாக இறக்கினான். எப்போதும் டமாரென்று போடுகிறவன்.

அடுத்த வாரமே ஓசூர் பக்கம் கம்பெனி பஸ் ஓட்டும் வேலைக்குச் சொல்லிவைத்துவிட்டான். அங்கேயே தங்க வேண்டும். பிக்கப்பைப் பழைய இரும்புக்காரரிடம் கொடுத்துவிடுவதாகப் பேச்சு. அவர் சனிக்கிழமை வந்து பார்ப்பதாக இருந்தது. இதெல்லாம் என் பட்டறையில் வைத்தே எஸ்தரிடம் சொன்னான். வீட்டில் சொல்லத் தைரியம் இல்லை போலிருக்கிறது.

அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். “அங்க ரெண்டு பேரு ஓட்ற மாதிரி வண்டி எதுனா இருக்குதா?”

“அது கம்பெனி பஸ்ஸு. ஒரு ஆளுதான்.”

“அப்ப நானு?”

“நீ ஊட்ல இரு. மாசம் ஒருவாட்டி வந்துக்கினுதானே இருப்பேன்.”

எஸ்தர் கழுத்து விசிலைக் கழற்றிக் கையில் சுருட்டி வைத்துக்கொண்டு, பிக்கப்பில் கிடந்த கயிற்றின் முடிச்சைப் பார்த்தபடியே நின்றாள். எனக்கு அங்கே நிற்க முடியவில்லை. ஒரு ஸ்பேனரைத் தேடுகிற மாதிரி உள்ளே போய்விட்டேன்.

வெள்ளிக்கிழமை காலையில் தனியாக வந்தாள். கையில் டேனியலின் காக்கிச் சட்டை. பெஞ்சின் மேல் வைத்தாள். சட்டை படுக்கவில்லை. கைகளை விரித்துக்கொண்டு ஆள் மாதிரி நின்றது.

“இத்தத் தொட்டுப் பாருங்கண்ணே.”

“இன்னாமா, ஓசூருக்குப் போறவனுக்குக் கஞ்சி போட்டு இஸ்திரி பண்ணியா?”

“நான் எந்தக் காலத்துல அவரு சட்டைக்குக் கஞ்சி போட்டேன்? தொவைக்கவே இல்லண்ணே. நீங்க மூடியத் தெறந்தப்போ பொங்கி அவரு மேல தெளிச்சுதே, அந்தச் சட்ட. கொடியில போட்டேன். காஞ்சதும் இப்டி நிக்குது.”

நான் சட்டையை முகர்ந்து பார்த்தேன். துரு வாடை, டீசல் வாடை, அதற்கடியில் புளித்த சோற்று வாடை.

“புளிச்ச கஞ்சி வாடைமா” என்றேன். எஸ்தர் தலையில் கை வைத்தாள். “ஐயோ ஆண்டவரே! அந்த பக்கெட்டு தண்ணி வெள்ளையா இருந்துச்சு. அரிசி களைஞ்ச தண்ணின்னு நெனச்சேன். அரிசித் தண்ணி எஞ்சினை இன்னா செஞ்சிடும்னு ஊத்திட்டேன்.”

அவளை என் ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு நேராகப் பிள்ளையார்பாளையம் போனேன். தில்லையம்மாள் வாசலிலேயே இருந்தார்.

“அக்கா, அன்னிக்கி வாசல்ல வெச்சிருந்த பக்கெட்டுல இன்னா இருந்துச்சு?” என்றாள் எஸ்தர்.

“நீதான் எடுத்தியா? அடிப்பாவி! பாவுக்கு வெச்சிருந்த கஞ்சிடீ அது! பக்கத்து ஊட்டு அலமுவோட நாயி வந்து கவுத்துடிச்சின்னு அவகூட சண்ட போட்டு, ரெண்டு பேரும் இன்னும் பேசல!”

உள்ளே தறியில் இருந்த அவர் புருஷன் கலியாணசுந்தரம் எழுந்து வந்து, விஷயத்தைக் கேட்டுவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “பாவு ஆத்தறவங்கள பாத்துருக்கேன். எஞ்சினுக்கே கஞ்சி போட்டு ஆத்துன ஆள இப்பத்தான் பாக்கறேன்.”

“சிரிக்காதீங்கண்ணா. வண்டி நாளைக்கு இரும்புக்குப் போவுது” என்றாள் எஸ்தர்.

அவர் சிரிப்பு நின்றது. கொஞ்சம் யோசித்தார். “பட்டுல பசை போறதுக்கு சோடா போட்டுத்தானே காய்ச்சறோம்? கஞ்சியும் பசைதானே? எடுத்துக்கினு போங்க” என்று உள்ளே போய் ஒரு பொட்டலம் சலவைச் சோடா கொண்டுவந்து கொடுத்தார். நல்ல யோசனைதான். பித்தளை ராடியேட்டர், இரும்பு ஹெட். அலுமினியமாக இருந்தால் சோடா தின்றுவிடும், நான் பக்கத்திலேயே கொண்டுபோயிருக்க மாட்டேன்.

ராடியேட்டரை இறக்கி, அதற்கென்றே இருக்கிற கடையில் தொட்டியைப் பிரித்தோம். உள்ளே துருவோடு கலந்து பழுப்பாக, கேழ்வரகுக் கூழ் மாதிரி அடைத்துக் கிடந்தது. பாதிக் குழாய்களில் தண்ணீர் போக வழியே இல்லை. சும்மா ஓடும்போது மிச்சமிருந்த குழாய்கள் சமாளித்திருக்கின்றன, பாரம் ஏறியதும் முடியவில்லை. நான் கண்ட நுரையும் புகை இல்லை. உலைப்பானை பொங்குகிற மாதிரி கஞ்சி பொங்கியிருக்கிறது. தினம் வீட்டில் பார்க்கிற பொங்கல்தான், பானெட்டுக்கடியில் பார்த்தால் அடையாளம் தெரியவில்லை. குழாய் குழாயாகக் கம்பி விட்டுச் சுத்தம் செய்தோம். எஞ்சினுக்குள் சுடச்சுடச் சோடாத் தண்ணீர் விட்டு ஓட்டி வடித்தோம். பிறகு நல்ல தண்ணீர், திரும்பவும் நல்ல தண்ணீர், தெளிவாக வரும் வரைக்கும். எஸ்தர் ஒவ்வொரு தரமும் வடிகிற தண்ணீரை உள்ளங்கையில் ஏந்தி விரலால் தேய்த்துப் பார்த்தாள். “இன்னும் வழவழங்குதுண்ணே” என்பாள். மறுபடி ஊற்றுவேன்.

டேனியல் வந்தபோது சாயங்காலமாகிவிட்டது. விஷயத்தைக் கேட்டும் அவன் முகம் மலரவில்லை. “ஒருவாட்டி மனசத் தேத்திக்கினேன்ணே. ஓடும்னு சொல்லி மறுபடி நின்னுச்சுனா என்னால ஆவாது” என்றான்.

“வாயால பேசறத வுடு. கயித்தக் கட்டு” என்றேன்.

பட்டறையில் எஞ்சின் இறக்கிவைத்த கார் ஒன்று இருந்தது. அதைக் கட்டினோம். எஸ்தர் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, விசிலை மறுபடி கழுத்தில் மாட்டி, காரில் ஏறினாள். நான் பிக்கப்பில் டேனியல் பக்கத்தில் உட்கார்ந்தேன். இரண்டு விசில் வந்தது. புறப்பட்டோம்.

பாலாற்றுப் பாலம் வரைக்கும் முள் மெதுவாக ஏறியது. பாலத்து ஏற்றத்தில் இரண்டாவது கியர், எஞ்சின் உறுமியது. முள் பாதிக்கு வந்தது. அங்கேயே நின்றது. பாலத்தின் அந்தப் பக்கம் இறங்கி, திருப்பிக்கொண்டு, மறுபடி ஏறினோம். முள் நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை.

“முள்ளப் பாருய்யா!” என்று கத்தினேன்.

டேனியல் பார்க்கவில்லை. அவன் கண் பக்கத்துக் கண்ணாடியிலேயே இருந்தது. அதில் கயிறு விறைப்பாகத் தெரிந்தது. அதற்குப் பின்னால் காரின் கண்ணாடி, அதற்குள் உதட்டில் விசிலோடு எஸ்தர்.

“அத்த நீங்க பாத்துக்கங்கண்ணே. எனக்கு இது பழக்கம்” என்றான். கொஞ்ச தூரம் போனதும் தானாகவே கேட்டான். “ஓசூர் பஸ்ல இந்தக் கண்ணாடியில இன்னாண்ணே தெரியும்?”

“பின்னாடி வர்ற லாரி தெரியும்.”

“அவ்ளோதான் இல்ல?” என்று மூக்கை உறிஞ்சினான். தூசி என்றான். ஜன்னல் கண்ணாடியை ஏற்றிவிட்டிருந்தான், தூசி எங்கிருந்து வரும்? நான் கேட்கவில்லை.

அப்போது டாஷ்போர்டின் மேல் கிடந்த அவன் போன் அடித்தது. இரும்புக்காரர். நாளைக்கு எத்தனை மணிக்கு வரட்டும் என்று கேட்க இருக்கும். டேனியல் போனைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், எடுக்கவில்லை.

பின்னாலிருந்து விசில் வந்தது. ஒன்று, இரண்டு, மூன்று.

டேனியல் ஜன்னலை இறக்கிக் கையை வெளியே நீட்டி, கயிறு தொய்யாமல் மெல்ல மெல்ல வேகம் குறைத்து, பாலம் தாண்டி இருக்கும் டீக்கடை ஓரமாக வண்டியை ஒதுக்கினான். போன் இன்னும் அடித்துக்கொண்டிருந்தது. நானே எடுத்தேன்.

“டேனியலா?” என்றது குரல்.

“அவன் டீ குடிக்கப் போயிட்டாம்பா. வண்டி ஓட்டத்துல இருக்குது, நாளைக்கு வராத” என்று சொல்லி வைத்துவிட்டு இறங்கினேன். அதற்குள் எஸ்தரும் இறங்கி வந்து, பானெட்டின் மேல் உள்ளங்கையை வைத்துச் சூடு பார்த்துக்கொண்டிருந்தாள், காய்ச்சல் விட்ட பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிற மாதிரி.