மருந்தில்லாத மாத்திரை

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்து டிஸ்பென்சரியில் நான் நர்ஸாக, தோட்டத்தார் சொல்லில் மிஸ்ஸியாக, இருந்தேன். கோலாலம்பூரிலிருந்து சீன டாக்டரம்மா ஒருவர் மாதந்தோறும் மலையேறி வருவார். மாதவிலக்கு வலிக்கான புது மாத்திரை இளம்பெண்களுக்கு எவ்வளவு கேட்கிறது என்பது அவருடைய ஆராய்ச்சி. வீட்டில் ஆண்கள் முன்னால் இந்தப் பேச்சை எடுக்க முடியாது. கொழுந்து நிறுக்குமிடத்தில் தாய்மார்களிடம் மெல்லச் சொல்லி வைப்பேன்.

அப்படித்தான் ஒருத்தி தன் மகளோடு வந்தாள். மாதம் தவறாமல் வலியில் பள்ளிக்கூடம் போக முடியாமல் படுத்துவிடும் பெண்.

"பொம்பளையாப் பொறந்தா வலிக்கத்தான் செய்யும், மிஸ்ஸி. நாங்கல்லாம் கூடையோட மலையேறலயா?" என்றாள் தாய்.

டாக்டர் ஆங்கிலத்தில் விளக்க, நான் தமிழில் சொன்னேன். பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு அதேபோல் இருக்கும் மருந்தில்லாத மாத்திரை. யாருக்கு எது என்பது ஆராய்ச்சி முடியும்வரை எங்களுக்கும் தெரியாது.

"துடிக்கிற புள்ளைக்கு வெறும் மாத்திரையா? ஏமாத்து வேலைலா இது!"

எனக்குச் சங்கடமாக இருந்தது. ஆனாலும் அப்படியே மொழிபெயர்த்தேன். டாக்டர் கோபப்படவில்லை. கேட்க வேண்டிய கேள்விதான் என்றார். வலி அடங்காவிட்டால் வழக்கமான மருந்து உடனே தருவோம், எப்போது வேண்டுமானாலும் விலகலாம் என்றார்.

"நான் சேர்றேன்மா" என்றாள் மகள். தாய் அரைமனதாகத் தலையாட்டினாள்.

அடுத்த மாதமே அந்தப் பெண் வயிற்றைப் பிடித்தபடி டிஸ்பென்சரிக்கு வந்தாள். மாத்திரை போட்டும் வலி குறையவில்லை. வழக்கமான மருந்தைக் கொடுத்து, வெந்நீர்ப் பை வைத்துப் படுக்க வைத்தேன்.

"எனக்கு வந்தது வெறும் மாத்திரைதானே, மிஸ்ஸி?"

"எனக்கும் தெரியாதும்மா."

"நான் இதுலேருந்து நின்னுக்கிறேன்."

"சரி" என்றேன். அவளுக்குக் கிடைத்தது உண்மையான மருந்துதான் என்பது வெகுநாள் கழித்தே தெரிந்தது. எல்லாருக்கும் அது கேட்பதில்லை.

டாக்டர் மறுபடி வந்த அன்று தாய் தனியாக வந்தாள். சண்டைக்குத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். அவள் கதவைச் சாத்தினாள்.

"என் வயசுக்கு அந்த மாதிரி மருந்து இருக்கா, மிஸ்ஸி? ரத்தம் நிக்கவே மாட்டேங்குது. யார்கிட்டயும் சொன்னதில்ல."

சொல்லிவிட்டு அழுதாள். ஆராய்ச்சியில் அவளுக்கு இடமில்லை. டாக்டர் கையிலிருந்த தாள்களை ஒதுக்கிவிட்டு அவள் வயிற்றை அழுத்திப் பார்த்தார். கட்டி தட்டுப்பட்டது. பக்கத்து ஊரான தானா ராத்தாவின் ஆஸ்பத்திரிக்கு நானே அழைத்துப் போனேன். அங்கிருந்து ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி ஆபரேஷன் செய்தார்கள். உடம்பு தேறித் திரும்பியவள், நிறுவைக்கு நிற்கும் பெண்களிடம் தானே பேசத் தொடங்கினாள்.

அதற்குப் பிறகு ஒரு மாதம் டாக்டர் வந்தபோது ஆராய்ச்சிக்குச் சம்பந்தமே இல்லாத பெண்கள் வாசல்வரை நின்றார்கள். ஒருவரையும் திருப்பி அனுப்பாமல் பார்த்து முடித்த டாக்டருக்குக் கடைசி பஸ் போய்விட்டது. தோட்டத்து லோரியில்தான் ஏற்றி அனுப்பினோம்.