நடுவில் இருந்த கோப்பு

போடியில் நான் வேலை பார்க்கும் கம்ப்யூட்டர் ஆபீசின் முதலாளியை எனக்குப் பிடிக்காது. சேர்ந்த முதல் வாரமே பிடிக்கவில்லை. காரணம் பிறகுதான் கிடைத்தது.

ஏலக்காய்க் கமிஷன் கடைகளிலிருந்து ஒவ்வொரு மூட்டையின் விவரமும் எங்களுக்கு எக்ஸ்எம்எல் கோப்பாக வரும். மூட்டையில் ஒட்டும் சீட்டாக அதை மாற்றிக் கொடுப்பதுதான் எங்கள் வேலை. அப்படி மாற்றும் ஸ்டைல்ஷீட்டுகள் மூன்று. அடியில் சீட்டை வரையும் கோப்பு. அதை இம்போர்ட் செய்வது, அதாவது தனக்குள் சேர்த்துக்கொள்வது, முதலாளியின் கோப்பு. அதை இம்போர்ட் செய்வது என்னுடையது. நடுவில் இருப்பதை அவர் எப்போதோ எழுதினார். அதில் யாரும் கை வைக்கக் கூடாது. திறந்து பார்த்தாலே முறைப்பார். வீட்டுப் பூஜையறையைக்கூட அவர் அப்படிப் பாதுகாத்திருக்க மாட்டார்.

போடிமெட்டுக்கு மேலே தோட்டம் வைத்திருக்கும் ஒரு அக்கா, காயைச் சலித்துப் பெரிய காயாகப் பொறுக்கித் தனியே அனுப்பியிருந்தார். சீட்டில் ரகம் ‘பருவெட்டு’ என்று வர வேண்டும். அதற்காக அந்த ரகப் பெயரைச் சுமந்துபோகும் ஒரு பாராமீட்டரை என் கோப்பிலிருந்து கீழே அனுப்பும்படி எழுதினேன். ஒரு மூட்டைக்குப் போட்டுப் பார்த்துவிடலாம் என்றும் சொன்னேன்.

“எரர் எதுவும் வரலைல்ல? வெரசா அனுப்பு” என்றார் முதலாளி.

எரர் வரவில்லைதான். எல்லாச் சீட்டிலும் ‘கலப்பு’ என்று வந்தது. வாங்கியவர்களும் கலப்புக் காயின் விலைக்கே எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

அந்த அக்கா ஜீப்பிலிருந்து இறங்கி நேரே ஆபீசுக்குள் வந்தார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

“எங்க பொம்பளையாளுக குனிஞ்சு குனிஞ்சு பொறுக்குன காயி. கலப்புன்னு ஒட்டி வித்துப்புட்டீக. வெள்ளிக்கெழமை அடுத்த லோடு வருது. அதுலயும் இப்பிடி ஒட்டுனா, இன்னாரு செஞ்சதுன்னு மார்க்கெட்டு பூராம் சொல்லிட்டுத்தான் மலையேறுவேன்.”

முதலாளி என்னைக் கைகாட்டினார். “பாப்பா புதுசு. அது எழுதுனதுல தப்பாயிருச்சு. நான் கண்டிச்சு வைக்கிறேன்.”

ஊருக்கு இளைச்சவன் பிள்ளையார் கோயில் ஆண்டி. இந்த ஊரில் பேர் கெட்டால் நாம் பஸ் ஏறுவதற்குள் வீட்டுக்குச் செய்தி போய்விடும். வேறெங்கே வேலை கேட்டாலும், கலப்புச் சீட்டு அடித்த பிள்ளைதானே என்பார்கள். என் பேரைக் காப்பாற்ற அவர் கோப்பைத் திறந்தேன். முறைத்தார். முறைக்கட்டும்.

என் பாராமீட்டர் அவர் கோப்பில் அந்த வேலையைச் செய்யும் டெம்ப்ளேட் என்ற பகுதி வரை ஒழுங்காகப் போயிருந்தது. ஆனால் அதை வாங்கிக்கொள்ள அங்கே ஒரு வரி இல்லை. கீழே அனுப்பவும் ஒரு வரி இல்லை. இந்த ஸ்டைல்ஷீட்டுகளை எழுதியிருக்கும் பழைய எக்ஸ்எஸ்எல்டி மொழி இதையெல்லாம் குற்றமாகச் சொல்லாது, பேசாமல் விட்டுவிடும். கையில் ஒன்றும் வராத அடிக்கோப்பு, எதுவும் வராவிட்டால் வைத்துக்கொள் என்று அதில் எழுதியிருந்த ‘கலப்பு’ என்பதை எடுத்துக்கொண்டது.

“எனக்கு வெளங்குற மாதிரி சொல்லு ஆத்தா” என்றார் அக்கா.

“நீங்க ஜீப்புக்கார அண்ணன்கிட்ட ஒரு சேதி சொல்லிவிடுறீங்க. அவரு மெட்டு டீக்கடையில சொல்றாரு. டீக்கடைக்காரரு கங்காணிகிட்ட சொல்லலைன்னா?”

“கங்காணி நேத்துச் செஞ்ச சோலியவே இன்னைக்கும் செய்வான். மருந்தடிக்க வேணாம்னு சொல்லிவிட்டேன், அடிச்சு முடிச்சுட்டுத்தான் நின்னான்.” கொஞ்சம் யோசித்தார். “சாமி வரங் குடுத்தாலும் பூசாரி குடுக்கமாட்டான். சரி, இங்க டீக்கடைக்காரன் யாரு?”

“நடுவுல இருக்கது நம்ம முதலாளி அண்ணன் எழுதுனது” என்றேன்.

முதலாளியின் முகம் கறுத்தது. “எத்தனை வருசமா ஓடுற கோப்பு. அதுல ஒரு எழுத்து மாறுச்சுன்னா நீ வேலைக்கு வர வேணாம்.”

இரண்டு வரி சேர்த்தால் முடிகிற விஷயம். அந்த மனுஷனுக்கு மனசு வரவில்லை. ஆனால் இம்போர்ட்டில் ஒரு விதி உண்டு. ஒரே பெயரில் இரண்டு டெம்ப்ளேட் இருந்தால், இம்போர்ட் செய்கிற கோப்பில் இருப்பதே ஓடும். அவர் டெம்ப்ளேட்டின் பெயரிலேயே என் கோப்பில் ஒன்று எழுதினேன். அது பாராமீட்டரை வாங்கிக் கீழே கொடுத்தது. அவர் எழுத்தில் ஒரு புள்ளியைக்கூட நான் தொடவில்லை.

வெள்ளிக்கிழமை எல்லாச் சீட்டிலும் ‘பருவெட்டு’ என்று வந்தது. அக்கா ஒவ்வொன்றாகப் பார்த்தார். முதலாளி பக்கத்தில் வந்து நின்றார்.

“பாத்தீகளா? என் கோப்புல யாரும் கை வைக்கல. இப்பச் சரியா வருது. அப்பத் தப்பு யாரு மேல?”

இப்படியும் ஒரு மனுஷன் பேசுவான் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அவர் கோப்பை நகலெடுத்தேன். நகலில் அவருடைய அந்த டெம்ப்ளேட் முழுவதையும் அவர் கண் முன்னாலேயே அழித்தேன். அந்த நகலை வைத்தே மறுபடியும் சீட்டு அடித்தேன். அதே ‘பருவெட்டு’.

“அண்ணே, உங்களுது இப்ப ஓடவே இல்ல” என்றேன்.

அக்கா சிரித்தார். “டீக்கடையவே சுத்திப் போயிட்டியா?”

முதலாளி தன் நாற்காலிக்குப் போய்விட்டார். வேலையை விட்டு என்னை நிறுத்தவும் இல்லை, நிறுத்தினால் சீட்டு அடிக்க ஆள் வேண்டுமே. மேலே தோட்டத்திலிருந்து லோடு கிளம்பினால் அக்கா இப்போது எனக்குத்தான் போன் செய்கிறார். அவரைப் பார்த்து மற்றத் தோட்டக்காரர்களும் அப்படியே. முதலாளிக்கு யாரும் சொல்வதில்லை. நானும் சொல்வதில்லை.