அம்மா சைக்கிள் பழகிய ஆற்றோரப் பூங்கா

மித்தி ஆற்றின் வீச்சமும் பூங்காவின் ஈர இலைகள் விடும் பச்சை மணமும் ஒரே மூச்சில் ஏறும். தாராவியில் வளர்ந்த எனக்கு ஞாயிற்றுக்கிழமை என்றாலே அந்தக் கலவைதான். குப்பைமேடாகக் கிடந்த இடத்தில் மரம் நட்டு வளர்த்த பூங்கா அது. பெரியவர்கள் கைவீசி நடப்பார்கள், நானும் தங்கையும் பட்டாம்பூச்சி துரத்துவோம், அம்மா மட்டும் வந்ததே இல்லை. இட்லி அவிக்கிறவளுக்கு ஏது ஞாயிறு?

அப்பா சைக்கிளின் பின்னால் அலுமினியப் பானையைக் கட்டிக்கொண்டு, ரப்பர் ஹாரனை அமுக்கியபடி மாட்டுங்கா வரை விற்கப் போவார். வீட்டில் அதற்கு "ரவுண்டு" என்று பெயர். ஒரு மழைநாளில் வழுக்கி விழுந்து கால் முறிந்தது. இட்லிக்காரர்களுக்கா பஞ்சம்? பத்து நாள் ஹாரன் கேட்காவிட்டால் "கிராக்கி" என்று நாங்கள் சொல்லும் வாடிக்கைக்காரர்கள் எல்லாம் வேறு பானைக்குப் போய்விடுவார்கள், அப்புறம் எங்கள் பாடு திண்டாட்டம்தான். சைக்கிளைத் தொட்டே அறியாத அம்மா, "நான் போறேன்" என்றாள்.

ஓட்டிப் பழக எங்கள் சந்தில் இடமில்லை, பூங்காவுக்குள்ளோ சைக்கிள் கூடாது. மாவுக்கட்டுக் காலோடு கம்பை ஊன்றி நின்ற அப்பாவைப் பார்த்த காவலாளி, கூட்டம் சேருவதற்குள் முடித்துக்கொள்ளச் சொல்லி, "ஜல்தி, ஜல்தி" என்று கேட்டைத் திறந்தார். அடுத்த வீட்டு அக்காவின் சுடிதாரில் அம்மா கூச்சத்தோடு ஏறினாள். பாரம் பழக வேண்டுமென்று பானை நிறையத் தண்ணீரை நிரப்ப வைத்தார் அப்பா.

"ஏட்டி, சக்கரத்தப் பாக்காத, நேரா பாரு!" என்று பெஞ்சில் உட்கார்ந்து கத்துவார்.

"நீங்க சும்மா கெடங்க. நேரா பாத்து ஓட்டித்தான இந்தக் கால் ஒடிஞ்சுது?"

விழுந்தாள், எழுந்தாள், ஒரு வாரத்தில் ஹாரன் அடித்துக்கொண்டே ஆற்றோரப் பாதையில் வட்டமடித்தாள். அப்பா போட்ட கணக்கில் ஒன்றுதான் பிசகு. முதல் நாள் இட்லி முழுக்க விற்றுத் திரும்புகையில், பாரம் குறைந்த வண்டி பிடிபடாமல் சயான் சிக்னலில் சரிந்துவிட்டாள். முழங்காலில் சிராய்ப்பு, ஆனால் முகமெல்லாம் சிரிப்பு. கொஞ்ச நாள் திரும்பும்போதும் பானையில் தண்ணீர் நிரப்பிக்கொண்டுதான் வந்தாள்.

கால் சரியானதும் அப்பா சைக்கிளைக் கேட்டார். "மாவ நீங்க ஆட்டுங்க" என்று சொல்லிவிட்டாள்.

இப்போது அப்பா இல்லை. ரவுண்டையும் நிறுத்தியாயிற்று, எங்கள் சந்தில் அந்த ஹாரன் சத்தம் கேட்டு வெகுகாலமாகிறது. போன ஞாயிறு அம்மாவை அதே பூங்காவுக்கு நடக்க அழைத்துப் போனேன். உனக்கு எவ்வளவு கஷ்டமான நாட்கள் அவை என்று நான் ஆரம்பிக்க, அவள் என்னை விநோதமாகப் பார்த்தாள்.

"கஷ்டமா? அந்த ஒரு வாரந்தாம்ட்டி இந்த ஊர்ல நான் வெளையாண்டது."