கொழுந்து லொறியின் ஹார்ன்

கஹவத்தைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து ஏற்றும் லொறியின் டிரைவர் அவர். வழுக்கைத் தலை, ஒல்லியான உடம்பு. பட்டன் போடாத காக்கிச் சட்டைக்குள், இங்கிலாந்துக் கால்பந்துக் கிளப் ஒன்றின் வெளுத்த ஜெர்சி எப்போதும் தெரியும். அந்தக் கிளப் ஜெயித்த மறுநாள் காலையில் என் கடைக்கு முன்னால் மட்டும் ஹார்னை நீளமாக அடித்துவிட்டுப் போவார். அதன் பரம எதிரியான கிளப்தான் என்னுடையது என்று அவருக்குத் தெரியும்.

அந்த சீசன் முழுக்க ஹார்ன் ஓயவில்லை. லீக்கை வென்றார்கள், உள்நாட்டுக் கோப்பையையும் வென்றார்கள். எங்கள் கிளப்போ எல்லாவற்றிலிருந்தும் சீக்கிரமே வெளியேறிவிட்டது. எனக்கு வயிறு எரிந்தது. ஐரோப்பியக் கோப்பையின் இறுதிப் போட்டியிலாவது அவர்கள் தோற்க வேண்டுமென்று பிள்ளையாருக்குத் தேங்காய் நேர்ந்துகொண்டேன். தோற்றார்கள்.

மறுநாள் காலை அவர் முகத்தைப் பார்ப்பதற்காகவே கடை வாசலில் நின்றேன். ஹார்ன் வழக்கத்தைவிட நீளமாக ஒலித்தது.

"தோத்துட்டீங்களே டிரைவரண்ணே, இன்னைக்கி எதுக்கு ஹார்ன்?"

லொறியை நிறுத்தித் தலையை வெளியே நீட்டினார்.

"பைனல்ல தோக்குறதுக்கும் பைனலுக்குப் போகணும்ல, மொதலாளி?"

நேர்ந்துகொண்ட தேங்காயை அன்றே உடைத்தேன். அந்தத் தோல்வியாவது எங்களுக்குக் கிடைத்திருக்கக் கூடாதா என்றுதான் அப்போதும் நினைத்துக்கொண்டிருந்தேன்.