கண்ணாடியக்காவின் கை

ஆய்வகத்தில் அவளுக்குக் கண்ணாடியக்கா என்று பெயர். மூக்குக்கண்ணாடியால் வந்த பெயர் அல்ல. இருபத்தாறு வருடமாகக் குடுவையும் குழாயும் கழுவியே வந்தது. “அக்கா கழுவினா கண்ணாடிக்கே கூச்சமா இருக்கும்” என்று ஆராய்ச்சி மாணவர்கள் கேலி செய்வார்கள்.

கேலி கிடக்கட்டும், காரியம் பெரிது. கடலடிப் பிளவுகளில் கொதித்துப் பீறிடும் நீரில், உயிர் எதுவும் இல்லாமல் தானாகவே அமினோ அமிலம் உண்டாகிறதா என்று பார்ப்பதுதான் அங்கே வேலை. உடம்பின் புரதமெல்லாம் அவற்றால் கட்டியதுதான். கடல்நீரில் இருந்தாலும் இம்மியளவுதான் இருக்கும். மனிதத் தோலிலோ கொட்டிக் கிடக்கிறது. ஒரு விரல் பட்டால் போதும், கதை கந்தல். அதனால் எல்லோருக்கும் கையுறை. கழற்றினால் அது குப்பைக்கு. கையைக் கழுவித்தான் புதிது மாட்ட வேண்டும். இந்த விஷயத்தில் அவளிடம் எந்த மாமியாரும் தோற்றுப்போவாள். தலைமை ஆய்வாளரையே ஒருமுறை வாசலோடு திருப்பி அனுப்பியிருக்கிறாள்.

வீட்டில் அவளைத் தவிர யாரும் இல்லை. புருஷன் போய்ப் பதினோரு வருடம், பிள்ளைகள் கிடையாது. வெளிநாட்டுத் தம்பி மாதம் ஒருமுறை கூப்பிட்டு, “சாப்பிட்டியாக்கா?” என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவான். வார விடுமுறை இரண்டு நாளும் வாய் திறக்க வேலையிராது. திங்கட்கிழமை பேச ஆரம்பித்தால் தொண்டை கரகரக்கும். தனிமை அவளைத் தின்றுகொண்டிருந்தது. அவள் சொல்லவில்லை. கேட்டால்தானே சொல்ல!

அந்த வருடம் கப்பல் கொண்டுவந்ததில் ஒரே ஒரு புட்டிதான் உருப்படி. மற்றவற்றின் மூடிகள் மேலே வரும்போதே கசிந்துவிட்டன. அடுத்த பயணம் ஆறு வருடம் கழித்து. அவள்தான் அந்த நீரைப் பிரித்துக் கருவிக்குக் கொடுத்தாள். நாலாம் நாள் தலைமை ஆய்வாளர், கருவி கோடு வரைந்து தந்த ஒரு தாளோடு ஓடி வந்தார். அவளைவிடப் பத்து வயது சின்னவர்.

“அக்கா, பாருங்க எவ்வளவு உயரம்! பத்து வருஷத் தவம் பலிச்சிருச்சு!”

பார்த்தாள். எல்லாவற்றையும்விட உயர்ந்து நின்றது செரின் என்ற அமினோ அமிலம். அது கொதிநீரில் அதிக நேரம் தாங்காது. வியர்வையில்தான் முந்திக்கொண்டு நிற்கும். கத்துக்குட்டிகள் கைபட்டுக் கெடுத்த தாள்களில் இதே கோட்டை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாள். சந்தோஷத்தில் அவர் கண்ணுக்கு அது படவில்லை.

வாயை மூடிக்கொண்டால், வேறு யாராவது கண்டுபிடிக்கும்வரை அவர் ராஜா. திறந்தால் புட்டியும் போச்சு, அவள் சுத்தக்காரி என்ற பேரும் போச்சு. அவளிடம் இருந்ததே அந்தப் பேர் ஒன்றுதான். ஒரே குடுவையை மூன்று தடவை கழுவினாள். பிறகு அவர் அறைக்குப் போனாள்.

“சார், அது கடல் இல்ல. என் கை.”

அவர் முதலில் சிரித்தார். தாளை மறுபடி பார்த்ததும் சிரிப்பு நின்றது. அவள் தன் விரல்களைச் சுத்தநீரில் அலசி, அந்த நீரையும் கருவியில் போட்டாள். சாயங்காலம் இரண்டு கோடுகளும் ஒன்றின்மேல் ஒன்று படிந்து கிடந்தன.

“ஆறு வருஷம்க்கா!” அவருக்குக் கோபத்தில் குரல் உடைந்தது. பதிவேட்டைத் திறந்தார். “காரணம் எழுதணும். எப்படி ஆச்சு?”

“தண்ணி பிரிச்ச அன்னிக்கு நம்ம ஸ்டோர்காரருக்கு வேலையில கடைசி நாள். சொல்லிட்டுப் போக வந்தாரு, கையை நீட்டினாரு. க்ளவுஸோட கை கொடுக்கறது நல்லால்லன்னு கழட்டினேன். ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டு, ‘உடம்பைப் பாத்துக்கங்கம்மா’ன்னாரு. அவர் போனதும் கழுவாத கையாலயே அதே க்ளவுஸை எடுத்து மாட்டிக்கிட்டேன்.”

“கழுவிட்டுப் புதுசு மாட்டணும்னு ஊருக்கே சொல்றது நீங்கதானே? மறந்துட்டீங்களா?”

“மறக்கல சார். எங்க வீட்டுக்காரர் போனப்புறம் யாரும் என் கையைப் பிடிச்சதில்ல. கழுவ மனசு வரல.”

அவர் பேனாவை எடுத்து, ‘கையுறை கிழிந்துவிட்டது’ என்று எழுதினார்.

அவள் எட்டிப் பார்த்தாள். “கிழியல சார். அதை அடிச்சிட்டு, நான்தான் கழட்டினேன்னு எழுதுங்க.”