வடிவமைக்கவா?

அச்சகத்தில் யாரைக் கேட்டாலும், அக்கா தன் ஹார்ட் டிஸ்க்கைத் தானே அழித்துக்கொண்டார் என்பார்கள். கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அழித்தவன் நான். அங்கே கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்வதற்கென்று மாதாமாதம் சம்பளம் வாங்குகிறவன்.

அக்காவின் வேலை பக்கம் போடுவது. பிரதி எந்தக் கோலத்தில் வந்தாலும் எழுத்தளவு, ஓரம், வரி இடைவெளி எல்லாம் சரிபண்ணிப் புத்தகமாக்கிவிடுவார். இருபத்தாறு வருஷம். நானூறு புத்தகங்களில், ஒருவரும் படிக்காத உள்பக்கத்தில், 'வடிவமைப்பு' என்று பொடி எழுத்தில் போட்டுப் பக்கத்தில் அவர் பெயர் இருக்கும். முதலாளி காலையில் உள்ளே நுழையும்போது வணக்கமெல்லாம் கிடையாது. "வடிவமைச்சாச்சா?" என்றுதான் வருவார்.

அக்காவின் வீட்டுக்காரரை நாங்கள் ஐயா என்போம். அதே அச்சகத்தில் மெய்ப்புத் திருத்தினார். அக்கா திரையைப் பார்க்க, அவர் மூலப் பிரதியைப் புள்ளி விடாமல் உரக்கப் படிப்பார். கொலை நடந்தாலும் கல்யாணம் நடந்தாலும் ஒரே குரல்தான். "அவள் கதறி அழுதாள், முற்றுப்புள்ளி" என்பார். நாங்கள் விழுந்து விழுந்து சிரிப்போம். அப்புறம் அவர் தொண்டையில் கட்டி வந்தது. குரல்வளையை எடுத்தால்தான் ஆள் தேறுவார் என்றார் டாக்டர்.

ஆபரேஷனுக்கு முந்தின வாரம் அக்கா தன் ஃபோனை அவர் முன்னால் வைத்து, ஏதாவது பேசச் சொன்னார். பெண்டாட்டியிடம் தனியாக என்ன பேசுவது என்று ஐயாவுக்குக் கூச்சம். மேசையில் கிடந்த மெய்ப்பை எடுத்துப் படிக்க ஆரம்பித்தார். தண்ணீர் மோட்டார் பழுதுபார்க்கும் கையேடு. நாலு நாளில் நாலு மணி நேரம் படித்தார். நடுவில் எப்போதாவது, "ஏம்மா, இந்த வரி தொங்குது பாரு", "கொஞ்சம் தண்ணி குடு" என்பார். அக்காவுக்கு வேண்டியது அந்தத் துண்டுகள்தான்.

ஃபோனை நம்பாதீங்கக்கா, வெளி டிஸ்க்கில் போட்டு வைங்க, அதுதான் பத்திரம் என்று சொன்னதும் நான்தான். ஃபோன் நான் சொன்னபடியே செத்தது. ஐயா பிழைத்தார். வீட்டில் உட்கார்ந்து மெய்ப்புப் பார்க்கிறார், பேச்செல்லாம் தாளில். அக்கா தினமும் மத்தியானம் டிஸ்க்கைச் செருகி, காதில் மாட்டிக்கொண்டு, மோட்டார் பழுதைக் கேட்டபடியே சாப்பிடுவார்.

போன வருஷம் எல்லாக் கம்ப்யூட்டரிலும் புது இயங்குதளம் போடச் சொன்னார் முதலாளி. போடும்போது எந்த மொழி என்று கேட்டது. தமிழைத் தட்டினேன். நாலு பேர் மெச்சுவார்கள் என்ற அல்ப ஆசை.

மறுநாள் காலையில் அக்கா ஃபோனில் கூப்பிட்டார். நான் பார்த்துக்கொள்ளும் வேறொரு ஆபீசில் பிரிண்டருக்குள் கையை விட்டுக்கொண்டிருந்தேன்.

"தம்பி, டிஸ்க்குல லைட் எரியுது. உள்ளே ஒண்ணுமே காட்டலை."

"வயரைப் பிடுங்கிப் பின்பக்கம் செருகிப் பாருங்க."

"செருகிட்டேன். இப்ப என்னமோ கேக்குது."

என்ன கேட்கிறது என்று நான் கேட்கவில்லை. வாயில் கொழுக்கட்டையா இருந்தது? "புது சிஸ்டம் அப்படித்தான்க்கா, நூறு கேள்வி கேக்கும். எல்லாத்துக்கும் சரி போடுங்க" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

அது கேட்டது இதுதான்: 'இந்த வட்டைப் பயன்படுத்தும் முன் வடிவமைக்க வேண்டும். வடிவமைக்கவா?'

ஃபார்மட் என்று கேட்டிருந்தால் அக்கா நெருப்பைத் தொட்டதுபோல் கையை எடுத்திருப்பார். அதைச் செய்தால் டிஸ்க்கில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும் என்று அவருக்குத் தெரியும். வடிவமைக்கவா என்று கேட்டால் என்ன செய்வார்? அவர் சோறு தின்பதே அந்தச் சொல்லால்தான். கலைந்து கிடப்பதை ஒழுங்காக அடுக்கித் தரப்போகிறது என்று நினைத்து 'சரி' போட்டார். அடுத்து எச்சரிக்கை வந்தது. கட்டம் சின்னது, தமிழ் வாக்கியம் பெரியது. 'இதிலுள்ள தரவுகள் அனைத்தும்' என்பதோடு வரி வெட்டுப்பட்டு நின்றது. ஒரு வரிகூட வெட்டுப்படாமல் பார்ப்பதையே பிழைப்பாகக் கொண்டவருக்கு இப்படி ஒரு வரி. அதற்கும் சரி. 'அலுவலகக் கோப்புகளின் நகலை இங்கே சேமிக்கவா?' நல்லதுதானே, சரி.

மத்தியானம் நான் போனபோது, அச்சகத்தின் அட்டைப்படங்கள் பூராவும் ஐயாவின் குரல்மேல் ஏறி உட்கார்ந்திருந்தன. டிஸ்க்கில் ஒரு கோளாறும் இருந்திருக்கவில்லை. பழைய சிஸ்டம் எழுதியதைப் படிக்கப் புதியதற்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். ஒரு சின்ன மென்பொருள் போட்டிருந்தால் பத்து நிமிஷத்தில் திறந்திருக்கும்.

இன்னொரு நகல் எடுத்து வைத்திருக்கலாமே என்று இப்போது ஆளாளுக்கு அக்காவுக்குப் புத்தி சொல்கிறார்கள். அன்றைக்கு எங்கே போயிருந்தார்கள் இவர்கள்?

மூன்று வாரம் மல்லுக்கட்டினேன். பதினொரு விநாடி தேறியது. அக்காவைக் கூப்பிட்டு ஓடவிட்டேன். நாற்காலி இழுபடும் சத்தம். "ம், படிங்க" என்றது ஒரு குரல். பிறகு வெறும் கரகரப்பு.

"இது நான்ல?" என்றார் அக்கா. "என் குரலை வச்சுக்கிட்டு நான் என்ன தம்பி பண்ண?"

அன்று சாயங்காலமே ஐயாவிடம் மன்னிப்புக் கேட்க வீட்டுக்குப் போனேன். அவர் ஒரு தாளை என் பக்கம் தள்ளினார். 'அது கேட்டதை அப்படியே எழுது' என்று மேலே எழுதியிருந்தார். எழுதிக் கொடுத்தேன். சிவப்புப் பேனாவை எடுத்தார். 'வடிவமைக்கவா' என்பதை ஒரே கோடாக அடித்து, ஓரத்தில் 'அழிக்கவா' என்று எழுதினார். என்மேல் கோபமா என்று முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியவில்லை. பிழையைப் பார்த்தால் அவர் முகம் எப்போதும் அப்படித்தான் இருக்கும்.

அக்கா தாளை எட்டிப் பார்த்தார். "இப்பத் திருத்தி என்னங்க பிரயோஜனம்?" என்றார்.

பழக்கதோஷத்தில், ஐயா பதில் சொல்ல வாயைத் திறந்தார்.