கண்ணாடிக்கு உள்ளே எண்ணெய்

நானெல்லாம் பேய், சாமி, சகுனம்னு எதையும் ஒரு பொருட்டா மதிச்ச ஆளே இல்லீங்க. நீங்க சிரிச்சாலும் சரி, நடந்ததைச் சொல்லிடறேன். இப்ப நினைச்சாலும் பயத்தை விடக் குமட்டல்தான் எனக்கு முதல்ல வருது.

இன்டர்நெட் வந்த புதுசு. கொல்லிமலை மேல ஒரு சின்ன மியூசியம், அங்க இருக்கற சாமானையெல்லாம் போட்டோ எடுத்து வெப்சைட்ல ஏத்தற வேலை எனக்கு. நாமக்கல்லுல பஸ் ஏறி, அத்தனை வளைவும் சுத்தி, வழியெல்லாம் வாந்தி எடுத்துட்டுப் போய் இறங்கினா, மியூசியம் ரூம்ல வவ்வால் புழுக்கை நாத்தம். த்தூ, இதைப் பாக்கவா மெனக்கெட்டு வருதுங்க ஜனங்க, நெட்டுல படம் வந்துட்டா எவன் வரப்போறான்னு நினைச்சேன்.

அன்னிக்கு மத்தியானம் மலைக்காரம்மா ஒருத்தங்க வந்தாங்க. அங்க கண்ணாடிப் பெட்டிக்குள்ள ஒரு பழைய கல்கோடாலி இருக்குது, அது அவங்க ஊர்க் கோயில்ல சாமியா இருந்ததாம். ஊட்டுல பொண்ணுக்கு நேத்துல இருந்து பிரசவ வலி, குழந்தை இறங்கல, கல்லுக்கு எண்ணெய் தடவினாத்தான் இறங்கும்னு அழுகறாங்க. வாட்ச்மேன், "பெட்டியைத் திறந்தா என் வேலை போயிரும், போம்மா"ன்னுட்டாரு. அந்தம்மா விடாம கெஞ்சுது. தொல்லை தாங்காம நான்தான் ஆபீஸ் ரூமுக்குக் கூட்டிட்டுப் போய், கம்ப்யூட்டர்ல அந்தக் கல்லோட போட்டோவைப் பெருசாக் காட்டி, "பாருங்கம்மா, அதுவும் இதுவும் ஒண்ணுதான், நல்லாக் கும்பிட்டுட்டுக் கிளம்புங்க"ன்னேன்.

"ஒண்ணுதானுங்களா சாமி?"ன்னு கேட்டுச்சு. கேட்டுட்டு மடியில இருந்த பாட்டிலை எடுத்து, விளக்கெண்ணெயைக் கை நிறைய ஊத்தி, ஸ்கிரீன் மேல அப்பிடுச்சுங்க! சிக்குப் புடிச்ச எண்ணெய், அதுல செத்த எறும்பு வேற. ச்சீ! கன்னாபின்னான்னு திட்டி அனுப்பிட்டு, பழைய பனியன் துணியால துடைச்சேன். பாதி துடைக்கறதுக்குள்ள ஓங்கரிச்சுட்டு வந்துருச்சு, துணியை வீசிட்டு வெளிய ஓடினேன்.

அங்க வாட்ச்மேன் அந்தப் பெட்டிகிட்ட மூக்கைப் பொத்திட்டு நிக்கறாரு. பூட்டு பூட்டினபடியே இருக்குது, சாவி அவர் இடுப்புல. உள்ள கல்லுல எண்ணெய் வழியுது, அதே சிக்கு நாத்தம், அதே செத்த எறும்பு. நம்பினா நம்புங்க, நம்பாட்டிப் போங்க.

அதைக்கூட விட்டுருவேனுங்க. கல்லுல ஒரு பக்கந்தான் எண்ணெய் இருந்துச்சு. மறுபக்கம் துணியால இழுத்துத் துடைச்ச கோடு. அந்தப் பொண்ணு பொழைச்சுதா, குழந்தை பொறந்துச்சான்னு இன்னிக்கு வரைக்கும் நான் யார்கிட்டயும் கேக்கலீங்க.